ஹார்ட் டிஸ்க்கில் வேலியை நகர்த்திய கதை

"சி டிரைவ் நிரம்பிடுச்சு, டி டிரைவ் காலியா கிடக்கு. எடுத்துச் சேர்க்க முடியாதா?" என்று வகுப்பில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முடியும். ஆனால் இது சுலபமாக வந்த வசதி அல்ல. அந்த வரலாறுதான் இன்றைய கட்டுரை.

1983-ல் ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி. 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது (இன்று நாலு போட்டோவுக்குக்கூட காணாது!). அதோடு வந்த டாஸ் 2.0, டிஸ்க்கின் முதல் செக்டாரில் ஒரு குட்டி அட்டவணை எழுதியது. எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று நான்கே வரிகள். பிறகு டிஸ்க் வளர்ந்தது, டாஸ் கூடவே வளரவில்லை. ஒரு பகுதி 32 எம்.பி.யைத் தாண்டக்கூடாது என்ற நிலையில், 1987-ல் டாஸ் 3.3 எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனைக் கொண்டுவந்தது. பின்னால் அந்த எல்லை 2 ஜி.பி. ஆனது. 1996-ல் ஃபேட்32 வரும்வரை பெரிய டிஸ்க்கை சி, டி, இ என்று துண்டு போட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

துண்டு போட்டபின் அளவை மாற்ற நினைத்தால்? எஃப்டிஸ்க்கில் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்க மட்டுமே முடியும். நம்ம ஊர் கோர்வைச் சேலை மாதிரிதான். கரைக்கு இத்தனை இழை, உடலுக்கு இத்தனை இழை என்று கணக்குப் போட்டுப் பாவு ஏற்றியபின், நடுவில் கரையை அகலமாக்க முடியாது.

1990-களில் பவர்குவெஸ்ட் நிறுவனத்தின் பார்ட்டிஷன் மேஜிக் இதை மாற்றியது. பகுதியின் கடைசியில் இருக்கும் கோப்புகளை முன்பக்கம் நகர்த்து, கோப்பு முறைமையைச் சுருக்கு, கடைசியாக அட்டவணையில் நீளத்தைத் திருத்து. அவ்வளவுதான் சூட்சுமம். 2003-ல் சைமன்டெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2004-ல் இலவச ஜிபார்ட்டெட் வந்தது. 2007-ல் கடைக்கு வந்த விஸ்டாவிலேயே சுருக்கும் வசதி இருந்தது.

தமிழ்நாட்டில் இந்தச் சங்கதி வீடு வீடாக வந்தது 2011-ல். நம்ம காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே டிஸ்க்கில் பக்கத்துப் பக்கத்து வீடாக வந்தன. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் இடம் வேண்டும் என்று லினக்ஸ் பகுதியை அப்படியே அழித்தால் ஆபத்து. இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும் குரப்பின் பாதி அந்தப் பகுதிக்குள்தான் இருக்கும். அது போனால் விண்டோஸும் திறக்காது, கோப்புகள் பத்திரமாக உள்ளே இருந்தாலும்!

இன்னொன்று. காலி இடம் எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில், சி-க்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் இருக்கும் காலி இடத்தை மட்டுமே சேர்க்க முடியும். நடுவில் வேறொரு பகுதி இருந்தால் ஜிபார்ட்டெட் போன்றதை வைத்து முதலில் அதை நகர்த்தணும். நகர்த்துவது என்றால் உள்ளே இருப்பதை எல்லாம் துண்டு துண்டாக வேறு இடத்தில் திரும்ப எழுதுவது. பாதியில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அதனால் முதலில் பேக்கப், அப்புறம் பேட்டரியோ யு.பி.எஸ்ஸோ, அதற்கப்புறம்தான் வேலி நகர்த்தல் :-)