அரசு வாசலுக்கு வந்த இரண்டு நாட்கள்: சமோவாவின் தட்டம்மை நமக்குச் சொல்வது

2019 டிசம்பர் 5, 6 ஆகிய இரண்டு நாட்கள், பசிபிக் பெருங்கடலில் உள்ள சமோவா என்ற தீவு நாடு மூடிக் கிடந்தது. கடைகளும் அலுவலகங்களும் திறக்கவில்லை. சாலைகளில் தனியார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. வீட்டில் தடுப்பூசி போடாதவர்கள் யாராவது இருந்தால் வாசலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிடுங்கள், நாங்களே வருகிறோம் என்று அரசு அறிவித்திருந்தது. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலக வேலையை விட்டுவிட்டுத் தடுப்பூசிப் பணிக்கு வந்தார்கள். செவிலியர்களும் தன்னார்வலர்களும் ஐஸ் பெட்டிகளோடு ஊர் ஊராக, வீடு வீடாகப் போனார்கள்.

அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 2 லட்சம். நம் ஊரில் ஒரு நடுத்தர நகரத்தின் அளவு. அங்கே சில மாதங்களில் 5,700 பேருக்கு மேல் தட்டம்மை கண்டது. 83 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் 5 வயதுகூட நிரம்பாத குழந்தைகள்.

நம் ஊர்களில் மணல்வாரி என்றும் சொல்லப்படும் இந்த நோய்க்குப் பல பத்தாண்டுகளாகத் தடுப்பூசி இருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் இத்தனை குழந்தைகள் இறந்தார்கள்? அதே நேரத்தில் பக்கத்து நாடுகளான டோங்காவிலும் ஃபிஜியிலும் தட்டம்மை பரவியது. அங்கே ஒருவர்கூட இறக்கவில்லை. ஒரே கடல், ஒரே கிருமி. வேறுபாடு தடுப்பூசி எத்தனை குழந்தைகளைச் சென்றடைந்திருந்தது என்பதில்தான். அந்த வேறுபாடு எப்படி உருவானது என்பதைப் பார்த்தால், இது நம் காலனிகளின் கதையும்தான் என்பது புரியும்.

இரண்டு குழந்தைகளின் மரணமும் அரசின் பின்வாங்கலும்

2018 ஜூலையில் சமோவாவின் சவாயி தீவில் ஒரே நாளில் இரண்டு குழந்தைகள் தடுப்பூசி போட்ட சில நிமிடங்களில் இறந்தன. தட்டம்மைத் தடுப்பூசி பொடியாக வரும். அதற்கென்று உள்ள நீரில் கரைத்துத்தான் போட வேண்டும். அன்று அந்த நீருக்குப் பதிலாக, அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தப் பயன்படும் காலாவதியான மருந்து கலக்கப்பட்டிருந்தது. குழந்தைகளைக் கொன்றது தடுப்பூசி அல்ல, அதில் கலக்கப்பட்ட தவறான மருந்து. இரண்டு செவிலியர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2019 ஆகஸ்டில் இருவருக்கும் 5 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

மரணங்களுக்குப் பிறகு அரசு தடுப்பூசித் திட்டத்தையே நிறுத்தி வைத்தது. விசாரணை முடியும்வரை நிறுத்தியது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் நிறுத்தம் பல மாதங்கள் நீடித்தது. என்ன நடந்தது, யார் பொறுப்பு, இனி அது நடக்காமல் இருக்க என்ன செய்திருக்கிறோம் என்று ஒவ்வொரு கிராமத்திலும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய காலம் அது. அந்த இடத்தை வதந்தி நிரப்பியது. அமெரிக்காவின் தடுப்பூசி எதிர்ப்புப் பிரச்சாரகர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் 2019 ஜூனில் சமோவாவுக்கு வந்து போனார். முகநூலில் பயம் பரவியது. 2018ஆம் ஆண்டில் தட்டம்மையின் முதல் தவணை 31% குழந்தைகளுக்கே கிடைத்தது என்பது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீடு.

தட்டம்மை கண்ட ஒருவரிடமிருந்து, பாதுகாப்பு இல்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேர் வரை தொற்றிக்கொள்ளலாம். நோயாளி எழுந்துபோன அறையின் காற்றில் 2 மணி நேரம் வரை கிருமி இருக்கும். அதனால்தான் 95% பேருக்கு இரண்டு தவணையும் போய்ச் சேர வேண்டும் என்கிறார்கள். 31% என்பது திறந்து கிடக்கும் வீடு. அப்போது நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வந்த ஒரு பயணியோடு கிருமி உள்ளே நுழைந்தது. 2019 அக்டோபரில் நோய்ப் பரவல் அறிவிக்கப்பட்டது. நவம்பர் 15 அன்று அவசரநிலை வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது.

பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

படிக்காத மக்கள், மூடநம்பிக்கை என்று இதை முடித்துவிடுவது எளிது. நம் மக்களைப் பற்றியும் இதையேதான் சொல்கிறார்கள். சமூகவியல் படித்த நாம் இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து டலூன் என்ற கப்பல் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தது. கப்பலில் இன்ஃபுளூயன்சா நோயாளிகள் இருந்தார்கள். அன்று சமோவா நியூசிலாந்து ராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தது. நிர்வாகம் கப்பலைத் தடுத்து நிறுத்தவில்லை. அடுத்த சில வாரங்களில் சுமார் 8,500 பேர், அதாவது மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், இறந்தார்கள். கடலில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் அமெரிக்க சமோவா கப்பல்களைத் தனிமைப்படுத்தியது. அங்கே அந்த நோயால் யாரும் இறக்கவில்லை. இதற்காக நியூசிலாந்து மன்னிப்புக் கேட்டது 2002இல்தான். ஆட்சியாளர்களின் அலட்சியத்துக்குத் தன் பிள்ளைகளைப் பலிகொடுத்த சமூகம், இரண்டு குழந்தைகள் ஊசி போட்டுச் செத்தபோது பயந்ததில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

அதே வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. 1920களில் இருந்து சமோவாவின் கிராமங்களில் பெண்கள் குழுக்கள் சுகாதார வேலையைத் தங்கள் கையில் எடுத்திருந்தன. பிள்ளைகளை எடை பார்க்கக் கூட்டிவருவது, வீடுகளின் சுத்தத்தைப் பார்வையிடுவது, செவிலியர் வரும் நாளில் இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. செவிலியர் ஊருக்குள் வந்தார், பெண்கள் பிள்ளைகளோடு கூடினார்கள். பிற்காலத்தில் சுகாதாரப் பணி மருத்துவமனைகளை மையமாகக் கொண்டு நகர்ந்தபோது இந்தக் குழுக்களின் பங்கு சுருங்கியது. மக்களுக்கும் சுகாதாரத் துறைக்கும் நடுவே இருந்த கயிறு தளர்ந்தது.

2019 நவம்பர், டிசம்பரில் அரசு அந்தக் கயிற்றைத்தான் மறுபடி பிடித்தது. கிராமத் தலைவர்கள், தேவாலயங்கள், பெண்கள் குழுக்கள், செஞ்சிலுவைச் சங்கத் தன்னார்வலர்கள் எல்லோரும் சேர்ந்தார்கள். வெளிநாட்டு மருத்துவக் குழுக்கள் வந்து மருத்துவமனைகளில் கைகொடுத்தன. ஆண்டு முடிவதற்குள் இலக்கு வைத்த மக்களில் சுமார் 95% பேருக்கு ஊசி போட்டாகிவிட்டது. டிசம்பர் கடைசியில் அவசரநிலை நீக்கப்பட்டது. ஓராண்டுக்கும் மேலாக நடக்காதது சில வாரங்களில் நடந்தது. மக்கள் மனம் ஒரே இரவில் மாறிவிடவில்லை. கண்முன்னே குழந்தைகள் இறந்ததும் சட்டத்தின் கட்டாயமும் அவர்களை அசைத்தன, உண்மைதான். ஆனால் மருந்து வாசலுக்கு வந்தது, தெரிந்த முகம் ஒன்று அதோடு கூட வந்தது. அது இல்லாமல் அந்த வேகம் வந்திருக்காது.

திருவள்ளூரை மறந்துவிட்டோமா?

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட 4 குழந்தைகள் இறந்தன. அதன்பின் தமிழக அரசு, கிராமங்களுக்குள் அங்கன்வாடிகளிலும் துணை மையங்களிலும் நடந்துவந்த தடுப்பூசி முகாம்களை நிறுத்தியது. மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் ஊசி என்றானது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு. நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் பாரம் யார் தலையில் விழுந்தது?

ஆரம்ப சுகாதார நிலையம் 5 கிலோமீட்டர், 8 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பைக் இருக்கும் குடும்பத்துக்கு அது பத்து நிமிடம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் அம்மாவுக்கு அது ஒரு நாள் கூலி, பஸ்ஸுக்குக் காசு, மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு தங்கியிருப்பவர்களுக்கு அந்த ஒரு நாள்கூட அவர்களுடையது அல்ல. ஒரு வயதுக் குழந்தைகளில் எல்லாத் தடுப்பூசியும் முழுமையாகப் போட்டவர்கள், தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2005-06இல் தமிழகத்தில் சுமார் 81%. 2015-16இல் அது சுமார் 70% ஆக இறங்கியது. இந்தச் சரிவுக்கு இந்த ஒரு முடிவு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் வாசலில் கிடைத்த சேவை தூரத்துக்குப் போனால் முதலில் விடுபடுவது யார் என்பதைச் சொல்லக் கணக்கெடுப்பு தேவையில்லை. 2019-21 கணக்கெடுப்பில் விகிதம் 89% வரை ஏறியிருக்கிறது. சரிந்ததைத் திரும்பத் தூக்கிநிறுத்த முடியும் என்பதற்கும் இதுவே சாட்சி.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழகத்தில் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வதந்தி தீயாய்ப் பரவியதும் நினைவிருக்கும். அதைப் பார்த்துப் பயந்தவர்களில் நகரத்துப் படித்த பெற்றோரும் இருந்தார்கள். பயத்துக்கு சாதியோ பட்டமோ கிடையாது. ஆனால் அந்தப் பயத்தின் விலையை எல்லோரும் ஒரே மாதிரி கொடுப்பதில்லை. சத்துக்குறைவும் வைட்டமின் ஏ குறைபாடும் உள்ள குழந்தையைத்தான் தட்டம்மை நிமோனியாவிலும் கண்பார்வை இழப்பிலும் கொண்டுபோய்விடுகிறது. ஓர் அறையில் ஏழு பேர் படுக்கும் வீட்டில்தான் அது வேகமாகப் பரவுகிறது.

எந்தச் சமூகம்? யாருடைய ஊர்?

'சமூகத்தைத் திரட்டுவோம்' என்று எல்லாப் பயிற்சிக் கூட்டங்களிலும் சொல்கிறார்கள். சமோவாவின் கிராமத்தில் சபைக்கு எல்லாக் குடும்பங்கள் மீதும் ஒரு பிடி இருக்கிறது. அங்கும் ஏற்றத்தாழ்வு உண்டு. கணவன் ஊருக்கு வாழவந்த மருமகளின் குரல் அங்கேயும் தாழ்ந்ததுதான். ஆனால் நம் நாட்டில் ஊர் என்பதே இரண்டு. ஊர் ஒன்று, சேரி ஒன்று. 1948இல் அரசியல் நிர்ணய சபையில் பலரும் கிராமத்தைப் போற்றியபோது அண்ணல் அம்பேத்கர் அதை மறுத்தது இதனால்தான்.

ஊர்க் கோவில் மண்டபத்தில் முகாம் போட்டால் காலனித் தாய் எப்படி வருவாள்? வந்தாலும் எந்த வரிசையில் நிற்பாள்? காலனி அங்கன்வாடியில் முகாம் போட்டால் ஊர்த்தெருக்காரர்கள் வர மறுப்பார்கள் என்பதற்காக இடத்தை மாற்றினால், அந்த மாற்றத்தின் விலையை யார் கொடுப்பது? தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுக்கும்போது காலனியிலிருந்து யார் இருக்கிறார்கள்? பெண்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்விகளைக் கேட்காத திரட்டல், இருக்கும் அதிகாரத்தையே மறுபடி திரட்டும்.

தோழர்களே, நோய் வந்த பிறகு ஓடுவதற்கு முன்பே நாம் செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன.

முதலில், நம் பகுதியில் தடுப்பூசி அட்டைகளைப் பார்த்து ஒரு பட்டியல் போடுவோம். தட்டம்மை, ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. பல வீடுகளில் விடுபடுவது இரண்டாவது தவணை. சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போன குடும்பங்களின் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம் கொடுத்து, நகல் ஒன்றை நாம் வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, முகாமின் இடத்தையும் நேரத்தையும் பற்றிப் பேரம் பேசுவோம். கூலி வேலை முடிந்து வரும் மாலை நேரத்தில், காலனிக்குள் முகாம் வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல, உரிமை.

மூன்றாவது, பயப்படும் தாயிடம் முதலில் காது கொடுப்போம். அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை செருகுவதை ஏளனம் செய்துவிட்டு ஊசியைப் பற்றிப் பேசினால் கதவு சாத்தப்படும். காய்ச்சல் வரலாம், ஊசி போட்ட இடம் வலிக்கலாம் என்பதை முன்பே சொன்னால் மறுநாள் நம் மீது நம்பிக்கை மிஞ்சும்.

நான்காவது, எங்காவது ஊசிக்குப் பின் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் குடும்பத்தின் பக்கத்தில் நிற்போம். விசாரணை கேட்போம், அறிக்கையை மக்கள் மொழியில் கேட்போம், இழப்பீடு கேட்போம். அதே மூச்சில், மற்ற குழந்தைகளுக்கான முகாம் நிற்கக் கூடாது என்றும் கேட்போம். இந்த இரண்டு கோரிக்கைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. சமோவாவில் இவை இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க ஆளில்லாமல் போனதால்தான் 2 குழந்தைகளின் மரணம் 83 பேரின் மரணத்தில் போய் முடிந்தது.

கடைசியாக, தன்னார்வம் என்ற பெயரில் இலவச உழைப்பை ஏற்க வேண்டாம். வெயிலில் வீடு வீடாக அலையும் பெண்களில் நம் பெண்கள் ஏராளம். அவர்களுக்குக் கூலியும் அடையாள அட்டையும் மரியாதையும் கேட்பதும் நோய்த்தடுப்பு வேலைதான்.

அவசரநிலையில் மட்டும் வாசலுக்கு வரும் அரசை, சாதாரண நாளிலும் வரவழைப்பதுதான் நம் அரசியல். அடுத்த மாதத் தடுப்பூசி நாள் உங்கள் காலனியில் எங்கே, எத்தனை மணிக்கு என்று இன்றே விசாரித்துப் பாருங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.