கட்டுமரமும் கேட்டமரனும்

‘கேட்டமரன்’ என்றால் இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகு என்றுதான் இன்று உலகம் நினைக்கிறது. சொல் நம்ம கட்டுமரம்தான். பொருள் வேற.

கட்டுமரம் என்றால் கட்டிய மரம், அவ்வளவுதான். லேசான மரக்கட்டைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். தண்ணி ஏறினால் இடுக்கு வழியா வடிஞ்சிடும். நீலாங்கரை, கோவளம் மாதிரி அலை மோதும் மணல்கரைக்கு அதுதான் தோது. கரையேறியதும் அவிழ்த்துக் காயப்போடலாம்.

1697இல் வெளிவந்த தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் இந்தச் சொல்லைப் பதிவு செய்தார். 1876இல் அமெரிக்கர் ஹெரஷாஃப் கட்டிய ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை உடல் படகு பந்தயத்தில் மற்றவற்றை முந்தியது. அந்த வகைக்கே இந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. இரட்டை உடலோ பாலினேசியத் தீவுக்காரர்களின் பழைய வித்தை.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகுகளே அதிகம். தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் ஒருநாள் குப்பத்துப் பெரியவர் யாரிடமாவது முடிச்சு எப்படிப் போடுவீங்கன்னு கேளுங்க. அது எந்த அகராதியிலும் கிடைக்காது.