மழலையர் உடற்கல்வி

ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வயதில் விளையாட்டு வழியே உடலசைவை வளர்க்கும் பயிற்சி. 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சிரைக்கும் ஆட்டமாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுப் பரிந்துரை.

இந்தியாவில் இதற்கான பெரிய களம், 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள். தமிழக மையங்களின் பாடத்திட்டத்துக்கே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்றுதான் பெயர்.

எடுத்துக்காட்டாக, பாண்டி ஆட்டத்தைப் பாருங்கள். மூன்று வயதில் ஒற்றைக்காலில் நொடிப்பொழுது நின்று சாய்கிற பிள்ளை, நான்கைத் தாண்டியதும் நொண்டியடித்துக் கட்டம் தாண்டும். சமநிலை, கால்வலு, தன் முறைக்குக் காத்திருக்கும் பொறுமை மூன்றும் அங்கே சேர்ந்தே வளர்கின்றன. விசிலடித்து வரிசையில் நிறுத்தும் டிரில் இந்த வயதுக்கு வேண்டாம். மணலும் பந்தும் போதும். கோடையில் வெயில் ஏறுமுன் ஆட்டத்தை முடிப்பது நல்லது.