கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நாய்!

காலை எட்டரை மணி. ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் ஷூ மாட்டும்போதே அது கவனித்துவிட்டது. எழுந்து வந்து காலைச் சுற்றுகிறது. ஆணியில் தொங்கும் சாவிக்கொத்தை எடுக்கிறீர்கள்... அவ்வளவுதான், அதற்கு மூச்சிரைக்க ஆரம்பிக்கிறது. கதவைப் பூட்டிவிட்டு லிஃப்ட் பட்டனை அழுத்துவதற்குள் உள்ளே ஊளை!

மாலையில் திரும்பி வந்தால், கதவின் அடிப்பக்கம் முழுக்கப் பிராண்டல். ஜன்னல் திரை கிழிந்து கிடக்கிறது. நடு ஹாலில் ஈரம். பக்கத்து ஃப்ளாட்காரர் வேறு உங்களுக்காகவே காத்திருக்கிறார், புகாரோடு!

“எல்லாம் கொழுப்பு! விட்டுட்டுப் போனதுக்குப் பழி வாங்குது” என்கிறார் வீட்டில் ஒருவர். “பேசாம யாருக்காவது குடுத்துடலாம்” என்கிறார் இன்னொருவர்.

கொஞ்சம் பொறுங்கள். அந்த முடிவை எடுப்பதற்கு முன்னால் என்னோடு ரஷ்யாவுக்கு ஒரு நடை வாருங்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு நாய், தனியாக இருக்கமுடியாமல் தவித்தது. அதைக் குணப்படுத்தியவர் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்தான். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்... பாவ்லோவ்!

1924-ம் வருடம். ஜனவரியில் லெனின் இறந்து, அடுத்த சில நாட்களிலேயே பெட்ரோகிராட் நகரத்துக்கு லெனின்கிராட் என்று புதுப்பெயர் சூட்டியிருந்தார்கள். இவான் பாவ்லோவ் அங்கேதான் இருந்தார். ஜீரண மண்டலத்தை ஆராய்ந்ததற்காக 1904-லேயே நோபல் பரிசு வாங்கிய கிழவர். உலகம் அவரை ஞாபகம் வைத்திருப்பதோ நாயின் எச்சிலுக்காக! சாப்பாடு தருவதற்கு முன்னால் ஒரு சத்தம். சத்தம், சாப்பாடு. மறுபடி சத்தம், சாப்பாடு. சில நாட்களில் சாப்பாடே வேண்டாம், வெறும் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறுகிறது. (எல்லோரும் ‘மணி’ என்கிறோம். அவர் அதிகம் பயன்படுத்தியது மெட்ரோனோம், பஸ்ஸர் போன்ற கருவிகளைத்தான்.)

இந்தச் சோதனையில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். பின்னால் தேவைப்படும். சோதனை நடக்கும்போது அறைக்குள் நாய் மட்டும்தான் இருக்கும். மேடைமேல் நிறுத்தி, வார் போட்டுக் கட்டியிருப்பார்கள். விஞ்ஞானி கதவுக்கு அந்தப் பக்கம், வேறு அறையில். மனுஷன் கூட இருந்தால் நாயின் கவனம் சிதறிவிடும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆக, பாவ்லோவின் நாய்களுக்கு வேலை என்றாலே தனிமைதான்!

செப்டம்பர் 23. பாவ்லோவின் 75-வது பிறந்தநாளுக்கு இன்னும் மூன்றே நாள். கடலிலிருந்து புயல்காற்று நீவா நதியை எதிர்த்துத் தள்ள, நதி ஊருக்குள் புகுந்துவிட்டது! சுமார் மூன்றே முக்கால் மீட்டர் உயர்ந்தது தண்ணீர். 1824-ல் வந்த மகா வெள்ளத்துக்கு அடுத்தபடி அந்த நகரம் பார்த்த பெரிய வெள்ளம் இதுதான். சரியாக நூறு வருஷம் கழித்து!

நாய்களின் கொட்டகையிலும் தண்ணீர் ஏறியது. வெளியே மரங்கள் முறிந்து விழும் சத்தம். சுவரில் அலைகள் மோதுகின்றன. வேறு வழியில்லாமல் நாய்களைச் சின்னச் சின்னக் கூட்டமாகத் தண்ணீரில் நீந்த வைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நெருக்கி அடைத்தார்கள். வழக்கமாக இவற்றைச் சேர்த்து விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். அன்றைக்கு ஒரு உறுமல்கூட இல்லை. அத்தனையும் உறைந்துபோய்க் கிடந்தன.

வெள்ளம் வடிந்தது. சோதனைகள் மறுபடி ஆரம்பித்தன. பல நாய்கள் எதுவுமே நடக்காததுபோல் பழைய மாதிரி ஆகிவிட்டன. சில மட்டும் ஆகவில்லை. அதில் ஒரு நாய், பாவ்லோவின் உதவியாளர் ஸ்பெரான்ஸ்கியின் பொறுப்பில் இருந்தது. வெள்ளத்துக்கு முன்னால் கடிகாரம் மாதிரி ஒழுங்காக வேலை செய்த நாய். இப்போது மேடையில் நிறுத்தினால் ஒரே அமைதியின்மை. எந்தச் சத்தத்துக்கும் எச்சில் ஊறவில்லை. சாப்பாட்டை முன்னால் வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உடம்பில் காயம் எதுவும் இல்லை. ஆனால், கற்றதெல்லாம் போச்சு!

பாவ்லோவ் ஒரு காரியம் செய்தார். அந்த நாயை அடிக்கவில்லை. பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்றும் நினைக்கவில்லை. ஸ்பெரான்ஸ்கியை நாயோடு அறைக்குள்ளேயே உட்காரச் சொன்னார். அவருடைய இடத்தில், கதவுக்கு வெளியே, தானே போய் உட்கார்ந்து சோதனையை நடத்தினார்.

அதிசயம்! நாய் சாப்பிட்டது. எச்சில் ஊறியது. தொலைந்துபோன பாடம் எல்லாம் திரும்பி வந்தது! ஸ்பெரான்ஸ்கி எதுவுமே செய்யவில்லை ஐயா, சும்மா உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான்.

அவர் வெளியே போனால்? மறுபடி பழைய கதை. அதனால், கொஞ்ச நேரம் கூட இருப்பது, கொஞ்ச நேரம் தனியாக விடுவது என்று மாற்றி மாற்றிச் செய்தார்கள். கூட இருப்பதை மெள்ள மெள்ளக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். நாயும் மெள்ள மெள்ளத் தேறியது.

இதில் இன்னொரு ஆச்சரியம். ஸ்பெரான்ஸ்கியே வரவேண்டும் என்றுகூட இல்லை. அவர் உடுப்பில் ஒரு துணியை, நாயின் கண்ணில் படாமல் அறைக்குள் வைத்தாலே போதுமாக இருந்தது. அந்த வாசனையே அதற்கு ஆள் துணை!

சரி, குணமாகிவிட்டதா? பார்த்துவிடலாம் என்று ஒருநாள் கதவுக்கு அடியில் சத்தமில்லாமல் தண்ணீரைக் கசியவிட்டார்கள். தரையில் சின்னதாக ஒரு குட்டை. நாய் பதறி எழுந்தது. கண்ணை அந்தத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. தப்பித்து ஓடப் பார்த்தது. மறுபடி எல்லாம் மறந்துபோச்சு. மாதக்கணக்கில் பாடுபட்டுக் கட்டியது, ஒரு குவளைத் தண்ணீரில் கரைந்துவிட்டது.

பாவ்லோவை நான் ஜீவகாருண்ய மூர்த்தி என்று சொல்ல வரவில்லை. அவருடைய நாய்களின் கன்னத்தில் ஓட்டை போட்டு, அதில் எச்சிலைச் சேகரிக்கும் குழாயைப் பொருத்தியிருந்தார்கள். அந்த வெள்ளத்து நாயின் மனசு அவருக்கு முக்கியமில்லை. எந்த மாதிரி நரம்பு மண்டலம் சீக்கிரம் உடைந்துபோகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. இருந்தாலும், தேடாத ஒன்று கையில் கிடைத்தது. பயந்த நாய்க்கு மருந்து, தைரியம் தரும் ஒரு ஆள். பிறகு அந்த ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது.

இதே 1924-ல்தான், லெனின்கிராட் வெள்ளத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல், நியூயார்க்கில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் பெண் மனோதத்துவ அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். நாய் இல்லை, குழந்தை! பீட்டர் என்று கட்டுரையில் பெயர். மூன்று வயதுகூட நிரம்பவில்லை. முயலைக் கண்டால் அலறுவான். ஜோன்ஸ் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துவிட்டு, முயலைக் கூண்டோடு தூரத்தில் வைத்தார். அவன் சாப்பிடுவது தடைப்படாத அளவுக்கு மட்டும் கூண்டைப் பக்கத்தில் நகர்த்தினார். இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... கடைசியில் முயல் அவன் விரலைக் கொறித்தது, பீட்டர் அழவில்லை!

நடுவில் ஒரு சறுக்கல் உண்டு. பீட்டர் காய்ச்சலில் படுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஒரு பெரிய நாய் அவன்மேல் பாய்ந்துவிட்டது. பழைய பயம் அப்படியே திரும்பி வந்தது. ஜோன்ஸ் சலிக்கவில்லை. மறுபடி முதல் படியிலிருந்து ஆரம்பித்தார்.

பிற்பாடு தென்னாப்பிரிக்க டாக்டர் ஜோசப் வோல்பி, பூனைகளிடம் சோதித்துப் பார்த்து இதே வழியை முறையான சிகிச்சையாக வளர்த்தார். பயத்தைப் படி படியாகப் பிரி. கீழ்ப்படியில் நிம்மதி வந்த பிறகே அடுத்த படி. அவருடைய புத்தகம் 1958-ல் வந்தது. விமானப் பயம், லிஃப்ட் பயம் என்று வருகிற மனிதர்களுக்கும் இதுதான் வைத்தியம். உங்கள் வீட்டு நாய்க்கும் இதுவேதான்!

“அதெல்லாம் சரி... என் நாய் வெள்ளத்தைப் பார்க்கலையே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1998-ல் புடாபெஸ்ட்டில் யோஜெஃப் டோபால் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் 51 நாய்களை அவற்றின் எஜமானர்களோடு அழைத்து வந்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு வயசுக் குழந்தை, அம்மா அறையை விட்டுப் போகும்போது என்ன செய்கிறது, திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்று பார்க்கும் அதே பரீட்சை! எஜமானர் இருந்தால் நாய் விளையாடுகிறது, அறையைச் சுற்றி மோந்து பார்க்கிறது. அவர் போய்விட்டால் கதவருகே போய் நிற்கிறது. திரும்பி வந்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. குழந்தை மாதிரியேதான். பெரும்பாலான நாய்கள் அந்தப் பிரிவைத் தாங்கிக்கொள்கின்றன. சில நாய்களுக்கு, நீங்கள் பூட்டுகிற ஒவ்வொரு முறையும் உள்ளே தண்ணீர் ஏறுகிறது.

2020-ல் ஊரடங்கு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்தோம். அப்போது வளர்ந்த குட்டிகளுக்கு மனிதர் இல்லாத வீடு என்று ஒன்று இருப்பதே தெரியாது. திடீரென்று ஒருநாள் ஆபீஸ் திறந்தது!

பழி வாங்குகிறது என்கிறீர்களே, “திட்டும்போது தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு திருட்டு முழி முழிக்குதே, தப்புன்னு தெரிஞ்சுதானே?” என்கிறீர்களே... அதையும் 2009-ல் அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் சோதித்துப் பார்த்துவிட்டார். தப்பு செய்த நாய், செய்யாத நாய் என்ற பேதமே இல்லை. திட்டு வாங்கினால் அந்த முழி வருகிறது. அது குற்ற உணர்ச்சி இல்லை சார், உங்கள் கோபத்தைப் பார்த்துப் பயம். ஏற்கெனவே பயத்தில் கதவைப் பிராண்டிய நாய்க்கு, நீங்கள் திரும்பி வருவதும் ஒரு பயம் என்று ஆகிவிட்டால்?

ஆக, என்ன செய்யலாம்?

முதலில் இது பயம்தானா என்று தெரிந்துகொள்ளுங்கள். போனில் வீடியோவை ஓடவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். போரடித்துச் செருப்பைக் கடிக்கிற குட்டியின் கதை வேறு. பயந்த நாய், பெரும்பாலும் நீங்கள் போன சில நிமிடங்களிலேயே ஆரம்பித்துவிடும். அதன் ஆத்திரமெல்லாம் கதவு, ஜன்னல் மேல்தான் இருக்கும்.

அடுத்தது சாவி. பாவ்லோவின் மெட்ரோனோம் எதுவோ, அதுதான் உங்கள் சாவிக்கொத்து! சாவிச் சத்தம் வந்தால் ஆள் காணாமல் போவார் என்று அது பாடம் படித்திருக்கிறது. அந்தப் பாடத்தை அழியுங்கள். சாவியை எடுங்கள், சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். ஷூ போடுங்கள், சமையலறைக்குப் போய் காபி குடியுங்கள். ஒரு நாளைக்குப் பல தடவை. சாவிக்கு அர்த்தமே இல்லை என்று ஆகும்வரை.

பிறகு கதவு. வெளியே போய் ஐந்தே விநாடி. அது பதறுவதற்கு முன்னால் திரும்பிவிடுங்கள். பத்து விநாடி, அரை நிமிடம், மறுபடி பத்து விநாடி, ஒரு நிமிடம்... முயல் கூண்டை நகர்த்துகிற மாதிரி. பதற்றம் தெரிந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். போகும்போது கட்டிப்பிடித்து வசனம் பேசாதீர்கள். ருசியாக, நேரம் பிடிக்கிற மாதிரி ஏதாவது தின்னக் கொடுங்கள். துவைக்காத பழைய பனியன் ஒன்றை அதன் படுக்கையில் போட்டு வையுங்கள். ஸ்பெரான்ஸ்கியின் துணி!

இதில் கஷ்டமான பகுதி ஒன்று உண்டு. இந்தப் பயிற்சி முடியும்வரை, அது தாங்குகிற நேரத்துக்கு மேல் தனியாக விடவே கூடாது. அம்மா, மாமனார், பக்கத்து வீட்டு காலேஜ் பையன் என்று யாராவது உட்கார வேண்டும். வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். பயம் ரொம்ப முற்றியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். இதற்கென்றே மருந்துகள் உண்டு. க்ளோமிப்ரமின் 1990-களின் கடைசியிலேயே அமெரிக்காவில் நாய்களுக்கு அனுமதி பெற்றது, ஃப்ளுவாக்ஸெடின் 2007-ல். பயிற்சியோடு சேர்ந்தால்தான் மருந்து பலன் தரும். நம் மாத்திரையை நாமே உடைத்துக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்!

நடுவில் ஒருநாள் எல்லாம் கெட்டுப்போகும். பட்டாசு வெடிக்கும், கரன்ட் போகும், நீங்கள் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்வீர்கள். திரும்பி வந்தால் கதவில் புதுப் பிராண்டல். அன்றைக்குத்தான் ‘யாருக்காவது குடுத்துடலாம்’ என்ற பேச்சு மறுபடி எழும். அப்போது கதவுக்கடியில் கசிந்த அந்தத் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். சறுக்குவது நாயின் துரோகமும் இல்லை, உங்கள் தோல்வியும் இல்லை. பயம் என்பது அப்படித்தான் போகும், வரும், போகும்.

1935-ல், தான் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, பாவ்லோவ் தன் ஆராய்ச்சிக்கூட வளாகத்தில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப வைத்தார். எந்த விஞ்ஞானிக்கும் இல்லை, நாய்க்கு! இன்றைக்கும் அங்கே இருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து நாயைக் கவனித்தவர், கடைசியில் செய்த மரியாதை.

நமக்குச் சிலையெல்லாம் வேண்டாம். நாளைக் காலையில் சாவிக்கொத்தை எடுங்கள். அது ஓடி வந்து உங்கள் முகத்தைப் பார்க்கும்.

போகாதீர்கள். சும்மா உட்காருங்கள்!