ஜின்ட்சு ஆற்றுப் படுகையில் காட்மியம் மாசு

ஜப்பானின் கமியோகா சுரங்கத்தில் துத்தநாகத் தாதுவைப் பிரித்தெடுத்தபோது, அதிலிருந்த காட்மியம் கழிவுடன் ஜின்ட்சு ஆற்றில் கலந்தது. ஆற்றுநீர் பாய்ந்த தோயாமா மாகாண வயல்களில் அது படிந்து, அரிசி வழியாகவும் குடிநீர் வழியாகவும் மக்களின் உடலுக்குள் சென்றது. சிறுநீரகங்கள் பழுதடைந்தன, எலும்புகள் மென்மையாகி எளிதில் முறிந்தன. நோயாளிகளின் வேதனைக் குரலே நோயின் பெயரானது: 'இத்தாய் இத்தாய்' என்றால் 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று பொருள்.

1968இல் ஜப்பான் அரசு இதனை மாசினால் வந்த நோயாக ஏற்றது. அவ்வாண்டே மிட்சுயி சுரங்க நிறுவனத்தின்மீது தொடுக்கப்பட்ட வழக்கில், 1972இல் மேல்முறையீட்டிலும் பாதிக்கப்பட்டோரே வென்றனர். வழக்கு நான்கு ஆண்டுகளில் முடிந்தது. ஆனால் காட்மியம் மண்ணில் சிதைந்து மறைவதில்லை. மாசுற்ற மண்ணைப் புதைத்து, அதன்மேல் நல்ல மண்ணைப் பரப்பும் பணி 1979இல் தொடங்கி, 2012இல்தான் நிறைவடைந்தது.