வியாழக்கிழமை சூப்

ஸ்டாக்ஹோமின் பழைய நகரான காம்லா ஸ்தானில், தலை குனிந்துதான் அந்த நிலவறைக்குள் இறங்கினேன். 'டென் யில்டெனே ஃப்ரேடன்', அதாவது பொன்னான சமாதானம். 1721இல் ரஷ்யாவோடு ஸ்வீடனின் போர் முடிந்தது. மறு ஆண்டே இந்த உணவகம் திறந்தது. பால்டிக் மாகாணங்களைப் பறிகொடுத்த சமாதானத்துக்குப் பொன்முலாம்! 1919இல் இதை வாங்கிக் காப்பாற்றிய ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன், ஸ்வீடிஷ் அகாதெமிக்கு எழுதிவைத்தார். நோபல் இலக்கியப் பரிசைத் தீர்மானிப்பவர்கள் வியாழன் கூட்டம் முடிந்து சாப்பிட வருவது இங்கேதான்.

வியாழன் என்றாலே ஸ்வீடனில் மஞ்சள் பட்டாணி சூப், பிறகு பான்கேக். சூப்பில் பன்றி இறைச்சி. தொட்டுக்கொள்ளக் கடுகு விழுது. வெள்ளிக்கிழமை விரதத்துக்கு முன் வயிற்றை நிரப்பிய கத்தோலிக்கக் காலத்துப் பழக்கம் என்பார்கள். விரதம் போய் 500 ஆண்டு ஆகப்போகிறது, சூப் போகவில்லை.

நான் போனதோ செவ்வாய். ஊறவைத்த ஹெர்ரிங் மீனோடு திரும்பினேன். நீங்கள் கிழமை பார்த்துப் போங்கள்.