ஏட்டில் உண்டு, கையில் இல்லை!

உழைத்தவன் கூலி கேட்கிறான். "ஒரு நாள் பொறு" என்கிறார் முதலாளி. பிறகு, "ஒரு வாரம் கழித்து வா" என்கிறார். பிறகு, "கணக்குப் பார்க்க வேண்டும்" என்கிறார். இறுதியில், "கூலியா? உனக்கா? நீ என்னிடம் வேலை பார்த்தவனே அல்லவே!" என்று கையை விரிக்கிறார்.

பண்ணையார் காலத்துக் கதை என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! தென் கொரியாவில், வானளாவிய மாளிகைகள் நிறைந்த சியோல் நகரிலும் பிற ஊர்களிலும், கடல் கடந்து வந்து ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் பலர் கண்ட காட்சி இது. ஒழுங்காகக் கொடுத்தோர் உண்டு. ஆனால், ஒளித்தோரும் உண்டு. அந்த ஒளிப்பின் வரலாறு, உழைப்போர் அனைவரும் அறிய வேண்டிய வரலாறு.

கொரியாவில் தனியார் பயிற்சிப் பள்ளிக்கு 'ஹாக்வொன்' என்று பெயர். 1980இல் இராணுவ ஆட்சியாளர் சுன் டூ ஹ்வான் தனிப்பயிற்சிக்குத் தடை விதித்தார். தடை பின்னர் படிப்படியாகத் தளர்ந்தது. 2000இல் அரசியலமைப்பு நீதிமன்றமே தடைச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. இதற்கிடையே, 1997இல் தொடக்கப்பள்ளியின் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் பாடமாயிற்று. பெற்றோரின் ஆவல் பெருகிற்று, ஹாக்வொன்கள் பெருகின. அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து பட்டம் பெற்ற இளைஞர் வந்து குவிந்தனர்.

வந்தவர் கையில் ஓராண்டு ஒப்பந்தம். தங்க வீடு, முதலாளி தந்தது. நாட்டில் இருக்க விசா, முதலாளியின் பெயரோடு பிணைந்தது. வேறு பள்ளிக்கு மாறவேண்டுமா? பழைய முதலாளியின் இசைவுக் கடிதம் வேண்டும்! வேலை போனால் வீடு போகும். வீடு போனால் நாடும் போகும். பட்டம் பெற்றவர்தான், ஆனால் பிடி முழுதும் பிறர் கையில்!

சட்டம் இல்லையா? இருந்தது. போர் ஓயுமுன்னரே, 1953 மே திங்களில், கொரியா தன் தொழிலாளர் தரச் சட்டத்தை இயற்றிவிட்டது. 1961இல், முப்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் பணிக்கொடை கட்டாயமாயிற்று. ஓராண்டு உழைத்தால் முப்பது நாள் சராசரி ஊதியம். ஆண்டு ஏற ஏறப் பணமும் ஏறும். வேலை விட்ட பதினான்கு நாளுக்குள் நிலுவை அனைத்தையும் தீர்க்க வேண்டும். ஊதியத்தை முழுமையாகத் தரவேண்டும். 'இடையில் நின்றால் இவ்வளவு தண்டம்' என்று ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதி வைப்பதும் குற்றம்.

பணிக்கொடை என்கிறோம். பெயரில் 'கொடை' இருக்கிறது. ஆனால் அது கொடையா? வள்ளலின் வாரி வழங்கலா? அல்ல! மாதந்தோறும் பிடித்து வைத்த உழைப்பின் பயன். நாள் தள்ளித் தரப்படும் கூலி. அதைத் தராதவன் கொடையில் குறைந்தவன் அல்லன், கூலியைக் கவர்ந்தவன்!

சட்டம் ஏட்டில் இருந்தது என்றோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? இந்தக் கேள்வியைக் கொரியாவே அதிரும்படி கேட்டவன் ஒரு தையல் தொழிலாளி. அவன் பெயர் சொன் தே இல். சியோலின் பியோங்ஹ்வா சந்தையில், காற்றும் வெளிச்சமும் இல்லாத பட்டறைகளில், சிறுமியர் நாளெல்லாம் தைத்து நுரையீரல் நொந்ததைக் கண்டான். சட்டம் ஒன்று இருக்கிறது என்று அறிந்தான், நூலை வாங்கினான், கடினமான சீன எழுத்துக்கள் கலந்த அதைப் படிக்கத் திணறினான். 'கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன் எனக்கு இருந்தால்!' என்று ஏங்கினான். மனுப் போட்டான்; அதிகாரிகள் அசையவில்லை. 1970 நவம்பர் 13ஆம் நாள், இருபத்திரண்டே வயதில், சட்டத்தைக் கடைப்பிடியுங்கள் என்று முழங்கியவாறு தீக்கு இரையானான். அந்த இழப்பை எண்ணி நெஞ்சு நடுங்குகிறது. அவன் தாய் லீ சோ சன் அழுது ஓயவில்லை, அதே நவம்பரில் எழுந்த தையல் தொழிலாளர் சங்கத்தின் தூணாக நின்றார், பல்லாண்டுகள் போராடினார்.

போராட்டம் பெருகப் பெருகச் சட்டத்தின் கை நீண்டது. 1975இல் பதினாறு பேர், 1987இல் பத்துப் பேர், 1989இல் ஐந்து பேர் வேலை செய்யும் இடங்கள் வரை பணிக்கொடை இறங்கி வந்தது. எஞ்சிய சிறு இடங்களுக்கு அது வந்து சேர்ந்ததோ 2010 டிசம்பரில். அதுவும் முதலில் பாதியளவே. 2013இல்தான் முழு அளவு. அரை நூற்றாண்டு! நாலு பேர் மட்டும் பணிபுரிந்த ஹாக்வொனில் கற்பித்தவருக்கு அதுவரை ஏட்டிலும் இல்லை.

உரிமை வந்தது, உடனே தந்திரமும் வந்தது.

முதல் தந்திரம், நாட்காட்டி. ஓராண்டு நிறைந்தால்தானே பணிக்கொடை? பதினோராம் மாதத்தில் குறை கண்டுபிடி; வெளியேற்று! பத்து மாதம் நல்லாசிரியர். பதினோராம் மாதம் பொல்லாதவர்!

இரண்டாவது தந்திரம், பெயர். 'நீர் தொழிலாளி அல்லர். தற்சார்புத் தொழில் புரிபவர்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரியால் பணிக்கொடை பறந்தது, ஓய்வூதியம் பறந்தது, மருத்துவக் காப்பீடும் பறந்தது. பிறப்பைக் காட்டிப் பெயர் சூட்டி மனிதனைத் தாழ்த்திய கொடுமையை அறிந்த நமக்கு, பெயரின் ஆற்றல் புதிதா?

மூன்றாவது, கொடுமையிலும் கொடுமை. கொரிய தேசிய ஓய்வூதியம் 1988இல் தொடங்கிற்று. 1995இல் அயல்நாட்டாரையும் சேர்த்துக்கொண்டது. 1999 முதல் 2025 முடிய, தொழிலாளி ஊதியத்தில் 4.5 விழுக்காடு, முதலாளி 4.5 விழுக்காடு செலுத்த வேண்டும் என்பது விதி. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா நாட்டார் ஊர் திரும்பும்போது கட்டிய தொகையை மொத்தமாகப் பெற வழி உண்டு. சில முதலாளிகளோ ஊதியத்தில் பிடித்தனர், செலுத்தவில்லை! சம்பளச் சீட்டில் கழிவு இருக்கும். ஓய்வூதிய அலுவலகத்தில் பெயரே இராது.

நீதிமன்றம் பெயரின் முகமூடியைக் கிழித்தது. 2006 டிசம்பரில், பயிற்சிப் பள்ளி ஆசிரியர்கள் பணிக்கொடை கேட்ட வழக்கில், உச்சநீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: ஒப்பந்தத்தின் பெயரைப் பாராதே, உண்மையைப் பார். நேரத்தையும் இடத்தையும் வகுப்பவர் யார்? ஆணையிடுபவர் யார்? வரி எப்படிப் பிடித்தனர், காப்பீட்டில் சேர்த்தனரா என்பவை முடிவான சான்றாகா. முதலாளி தன் வலிமையால் அவற்றை விருப்பம்போல் அமைத்துக்கொள்ள முடியுமே! 2015இல், அயல்நாட்டு ஆங்கில ஆசிரியரும் தொழிலாளரே, பணிக்கொடை அவருக்கும் உரியதே என்று அதே நீதிமன்றம் உறுதி செய்தது. எப்பொருள் யார்வாய்க் கேட்பினும் மெய்ப்பொருள் காணும் பகுத்தறிவு, நீதியின் மேடையிலும் வென்றது!

வென்ற பின்னும் ஏன் தொல்லை? தீர்ப்பு நடந்து வந்து கதவைத் தட்டாது. கேட்பவனுக்குத்தான் கிடைக்கும். தொழிலாளர் அலுவலகத்தில் முறையிடக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஆனால் மூன்றாண்டுக்குள் கேட்க வேண்டும். அயலவருக்கோ மொழி தெரியாது, விசா முடிகிறது, விமானச் சீட்டு கையில் இருக்கிறது. அந்தத் தவிப்பே ஏய்ப்பவரின் மூலதனம்! மேலும், தொழிலாளி 'தண்டிக்க வேண்டாம்' என்றால் முதலாளி மீது தண்டனை இல்லை என்று 2005இல் ஒரு திருத்தம் வந்தது. 'பாதியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு' என்று பேரம் பேச, இதைவிட நல்ல வாய்ப்பு வேறு உண்டா?

துணிந்தவர் எப்படி வென்றனர்? ஒப்பந்தத்தைப் பாதுகாத்தனர். சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் திரட்டினர். ஓய்வூதிய அலுவலகத்தில், வேலையில் இருக்கும்போதே, தம் பெயரைத் தேடிப் பார்த்தனர். முன்னே போராடியவர் பின்னே வந்தவருக்கு வழி சொன்னார். தையல்காரத் தம்பி ஏங்கினானே, படித்த நண்பன் ஒருவன் வேண்டுமென்று. அந்த நண்பராக ஒருவருக்கொருவர் ஆயினர்.

படித்த இளைஞர்களே! சட்டம் இயற்றியதோடு கடமை முடிந்தது என்று எண்ணாதீர். உம் தெருவில், உம் ஆலையில், உம் பள்ளியில், கணக்குத் தீராமல் வெளியேறும் ஒருவரேனும் இருப்பார். அவர் கையில் இருக்கும் தாளைப் படித்துச் சொல்லுங்கள். ஏட்டில் உள்ளதைக் கைக்குக் கொண்டுவரும் கல்வியே கல்வி!